டு பாய்ஸ் இல்லாத பாடத்திட்டம்

1910 அக்டோபரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் அந்நாட்டுச் சமூகவியலாளர்களின் முதல் மாநாடு நடந்தது. ஆல்பிரட் ப்ளோட்ஸ் என்ற மருத்துவர் இனத்தையும் சமூகத்தையும் பற்றி உரையாற்றினார். ‘தகுதியானவர்கள்’ மட்டும் பெருகினால் இனம் மேம்படும் என்ற ‘இனச் சுகாதாரம்’ கொள்கையை ஜெர்மனியில் வேரூன்ற வைத்தவர் அவர். பின்னாளில் நாஜிகள் கையில் எடுத்ததும் அதைத்தான். உரை முடிந்ததும் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் எழுந்து மறுத்தார். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலேயே மிக முக்கியமான சமூகவியல் அறிஞர் ஒரு கறுப்பர், அவருக்கு ஈடாக அங்கே ஒரு வெள்ளை அறிஞரும் கிடையாது, அவர் பெயர் டு பாய்ஸ் என்றார். அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் நடந்த அறிஞர் மாநாட்டின்போது அவரோடு உட்கார்ந்து காலை உணவு சாப்பிட்டோம், தென் மாநிலத்துக் கனவான் யாராவது அங்கே இருந்திருந்தால் பெரிய ரகளையாகியிருக்கும் என்றும் சொன்னார்.

வெபரின் பெயர் தெரியாமல் யாரும் சமூகவியல் பட்டம் வாங்க முடியாது. அவர் அத்தனை பேர் முன்னால் எழுந்து சொன்ன பெயரைத் தெரியாமல் தாராளமாக வாங்கலாம். நானும் அப்படித்தான் வாங்கினேன். காம்ட், ஸ்பென்சர், மார்க்ஸ், டர்க்ஹைம், வெபர், பரேட்டோ, அப்புறம் பார்சன்ஸ், மெர்ட்டன் என்று வரிசையாகப் படித்தோம். தேர்வுக்கு அந்த வரிசையே போதுமானதாக இருந்தது. அந்த வரிசை எப்படி வந்தது, யார் போட்டது என்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. பாடப்புத்தகத்தில் இருந்ததால் அது இயற்கையானது என்றே எடுத்துக்கொண்டோம்.

டர்க்ஹைமின் ‘தற்கொலை’ 1897-ல் வந்தது. வெபரின் ‘புராட்டஸ்டன்ட் அறம்’ 1904-05-ல் வந்தது. இரண்டுக்கும் நடுவே, 1899-ல், பிலடெல்பியா நகரக் கறுப்பர்களைப் பற்றி டு பாய்ஸ் எழுதிய ‘தி பிலடெல்பியா நீக்ரோ’ வந்தது. டர்க்ஹைம் அரசாங்கப் புள்ளிவிவரங்களை மேசையில் வைத்துக்கொண்டு எழுதினார். வெபர் நூலகத்தில் இருந்து எழுதினார். டு பாய்ஸ் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி எழுதினார். மற்ற இருவரையும் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, இரண்டு நூல்களும் எனக்குப் பிடித்தவை. ஆனால் ‘சமூகவியல் அனுபவ ஆய்வு அறிவியலாக மாறிய காலம்’ என்று நாம் பாடம் நடத்தும் அதே பத்தாண்டில், அந்த ஆய்வை மிக முழுமையாகச் செய்து காட்டியவரை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்லி வருகிறோம்.

வில்லியம் எட்வர்ட் பர்கார்ட் டு பாய்ஸ் 1868-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். ஃபிஸ்க், ஹார்வர்டு, பெர்லின் என்று படித்தார். பெர்லினில் குஸ்தாவ் ஷ்மோலரிடம் பொருளாதாரம் பயின்றார். அங்கேயே முனைவர் பட்டம் வாங்க இன்னும் சிறிது காலம் தேவைப்பட்டது, உதவித்தொகை தந்துவந்த அறக்கட்டளை நீட்டிக்க மறுத்துவிட்டது. திரும்பி வந்து 1895-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவர். இப்படிப்பட்ட ஒருவரைத்தான் 1896-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ‘சமூகவியல் உதவியாளர்’ என்ற பெயரில், 900 டாலர் சம்பளத்தில், ஓராண்டுக்கு எடுத்தது. வகுப்பு இல்லை, அலுவலக அறை இல்லை, பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பட்டியலில் பெயரும் இல்லை.

அழைத்ததற்குக் காரணமும் நல்ல காரணம் இல்லை. பிலடெல்பியா நகர நிர்வாகம் ஊழலில் ஊறிக் கிடந்தது. சீர்திருத்தம் பேசிய மேல்தட்டினர் சிலர், கறுப்பர்களின் குற்றமும் விலைபோகும் ஓட்டுமே அதற்குக் காரணம் என்று நம்பினார்கள். அந்த முடிவுக்கு ஓர் அறிவியல் முத்திரை அவர்களுக்குத் தேவைப்பட்டது. டு பாய்ஸுக்கு இது தெரியும். தெரிந்தேதான் வேலையை ஏற்றுக்கொண்டார்.

புதிதாகத் திருமணமான அவரும் மனைவி நீனாவும் ஏழாவது வார்டில், ஓர் உணவகத்துக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் குடியேறினார்கள். சுற்றிலும் நெருக்கடி, குடி, சண்டை. அந்த வார்டு ஏழாவது தெருவில் தொடங்கி ஸ்கூல்கில் ஆறு வரை நீளும் ஒரு ஒடுங்கலான பட்டை. அதில் சுமார் 9,700 கறுப்பர்கள் வாழ்ந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு படிவம், தனிநபருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, சங்கங்கள், தேவாலயங்கள் போன்ற அமைப்புகளுக்கு ஒன்று, வீட்டு வேலை செய்வோருக்கு ஒன்று என்று படிவங்களைத் தயாரித்துக்கொண்டார். 1896 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கினார். கணக்கெடுக்க ஆள் வைத்துக்கொள்ளவில்லை. சுமார் 2,500 வீடுகளுக்கு அவரே போனார். வீட்டு வேலை செய்பவர்களைப் பற்றிய தனி ஆய்வை மட்டும் இசபெல் ஈட்டன் என்ற ஆய்வாளர் செய்து கொடுத்தார்.

மக்கள் அவரைக் கைநீட்டி வரவேற்கவில்லை. ஏதோ விசித்திரமான உயிரினத்தைப் போலத் தங்களை ஆராய்வது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். கறுப்பராக இருந்தும் தன் மக்களைப் பற்றித் தனக்குப் பெரிதாக எதுவும் தெரியாது என்பதை அந்த வாசல்களில் நின்றுதான் அவர் உணர்ந்தார். ஆய்வாளர் எங்கே நிற்கிறார் என்ற கேள்வியை இன்றைக்கு முறையியல் வகுப்புகளில் நீண்ட நேரம் விவாதிக்கிறோம். 1890-களிலேயே ஒருவர் அதை அனுபவித்து எழுதிவைத்திருக்கிறார்.

சேகரித்ததை அவர் வரைபடமாகவும் ஆக்கினார். வார்டின் ஒவ்வொரு கறுப்பர் வீட்டையும் அதன் பொருளாதார நிலைக்கேற்ப நான்கு வகையாகப் பிரித்து, வகைக்கு ஒரு நிறம் கொடுத்தார். வரைபடத்தைப் பார்த்த உடனேயே ஒரு விஷயம் புரியும்: ‘கறுப்பர்’ என்று ஒரே கூட்டம் அங்கே இல்லை. வசதியான குடும்பங்கள், உழைத்துக் கௌரவமாக வாழ்பவர்கள், வறியவர்கள், குற்றத்தில் விழுந்தவர்கள் எல்லோரும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கிறார்கள். குற்றமும் வறுமையும் தோலின் நிறத்திலிருந்து வருபவை அல்ல. அடிமை முறையின் எச்சம், தெற்கிலிருந்து அலையலையாக வந்த இடப்பெயர்வு, ஐரோப்பியக் குடியேறிகளோடு வேலைப் போட்டி, தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் சேர்ந்து அடைத்த கதவுகள் ஆகியவற்றின் விளைவு என்று அத்தியாயம் அத்தியாயமாகக் காட்டினார். அழைத்தவர்கள் எதிர்பார்த்தது இது இல்லை.

அந்த நூலில் என்னால் மறக்க முடியாத இடம் பதினாறாம் அத்தியாயம். நிறப் பாகுபாடு ஒரு மனிதனின் அன்றாடத்தில் என்ன செய்கிறது என்று சம்பவம் சம்பவமாக அடுக்கியிருப்பார். அதில் ஒன்று: பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துத் தேறிய ஒரு கறுப்பர், விளம்பரம் பார்த்து விண்ணப்பிக்கிறார். மதிப்பெண்கள் நன்றாக இருப்பதால் வேலை கிடைக்கிறது. போய்ச் சில மணி நேரம் வேலை பார்க்கிறார். அவர் கறுப்பர் என்று தெரிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். இப்போது அவர் பல்கலைக்கழகக் கிளப்பில் பரிமாறுபவராக இருக்கிறார். அவரோடு படித்த வெள்ளைக்காரர்கள் அங்கேதான் சாப்பிட வருகிறார்கள். இரண்டு மூன்று வாக்கியங்களில் முடித்துவிட்டு, குரலை உயர்த்தாமல் அடுத்த சம்பவத்துக்குப் போய்விடுகிறார். எண்கள் நிறைந்த ஒரு நூலுக்குள் இந்த வாக்கியங்களை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தவர் சாதாரண எழுத்தாளர் அல்ல.

நூல் வெளிவரும் முன்பே அவர் அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். 1897 முதல் 1910 வரை அங்கே ஆண்டுதோறும் ஒரு மாநாடு, ஒரு ஆய்வறிக்கை என்று நடத்தினார். தேவாலயம், தொழில், குற்றம், கல்வி, குடும்பம் என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு பொருள். அந்தக் கறுப்பர் கல்லூரியில் பணம் இல்லை, முனைவர் பட்ட மாணவர்கள் இல்லை. பழைய மாணவர்கள்தான் தங்கள் ஊர்களில் தகவல் திரட்டி அனுப்பினார்கள், பெரும்பாலும் சம்பளம் வாங்காமல்.

1900 பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக டு பாய்ஸும் அந்த மாணவர்களும் கையால் வரைந்த சுமார் அறுபது விளக்கப்படங்கள் இப்போது அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. பார்க்காதவர்கள் கட்டாயம் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு வண்ணங்களில் பட்டைகள், விசிறிகள், ஒரே கோடு நீண்டு சுருளாகச் சுருண்டுபோகும் படங்கள். கறுப்பர்களின் நில உடைமை எப்படிக் கூடியது, எழுத்தறிவு எப்படி வளர்ந்தது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுகின்றன. அவற்றை முடிப்பதற்குள் அவருடைய உடலும் கைக்காசும் கரைந்தன. கடைசி நேரத்தில் கப்பலின் மிக மலிவான அடித்தட்டு வகுப்பில் பாரிசுக்குப் போனார். கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. கிடைத்தும் என்ன, சமூகவியல் துறைகளில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இந்த அட்லாண்டா ஆண்டுகளை வெறும் சாதனைப் பட்டியலாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1899 ஏப்ரலில் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்புத் தொழிலாளியை ஒரு பெருங்கூட்டம் உயிரோடு எரித்துக் கொன்றது. உண்மைகளை நிதானமாக எடுத்துச் சொல்லும் ஒரு கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு டு பாய்ஸ் பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்தார். ஹோஸின் விரல் முட்டிகள் அதே சாலையில் ஒரு மளிகைக் கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதாக வழியில் கேள்விப்பட்டு அப்படியே திரும்பிவிட்டார். அடுத்த மாதம் அவருடைய மகன், இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை, டிப்தீரியாவில் இறந்தான். மனிதர்கள் அடித்துக் கொல்லப்படும்போதும் பட்டினி கிடக்கும்போதும் ஒருவன் அமைதியான, ஒட்டாத விஞ்ஞானியாக இருக்க முடியாது என்று பின்னாளில் எழுதினார். இந்த வரியைப் பிடித்துக்கொண்டு, அவர் அறிவியலை விட்டு அரசியலுக்குப் போய்விட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. கணக்கெடுப்பையும் மாநாட்டையும் அதற்குப் பிறகும் பத்தாண்டுக்கு மேல் அவர் நடத்தினார் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

1906-ல் அலபாமாவின் லவுண்ட்ஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பகுதி) அரசாங்கத்தின் தொழிலாளர் துறைக்காக ஓர் ஆய்வு செய்தார். மன்ரோ வொர்க், ஆர். ஆர். ரைட் ஆகிய இளம் கறுப்பு ஆய்வாளர்களும் உள்ளூர் ஆட்கள் பலரும் அவரோடு இருந்தார்கள். சில இடங்களில் கணக்கெடுக்கப் போனவர்களைத் துப்பாக்கியோடு வரவேற்றார்கள். ஆனாலும் வீடு வீடாகப் போய், நீதிமன்றப் பதிவுகளைப் புரட்டி, நிலம் யாரிடமிருந்து யார் கைக்கு மாறியது என்று தடம் பிடித்து, ஒரு கவுண்டியின் முழு வாழ்க்கையையும் எழுதி முடித்தார். துறை அறிக்கையை வாங்கிக்கொண்டது, பணமும் கொடுத்தது, அச்சிடவில்லை. அரசியலைத் தொடுகிறது என்றார்கள். சரி, என் கையெழுத்துப் பிரதியையாவது திருப்பிக் கொடுங்கள் என்று பிறகு கேட்டபோது, அதை அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது. புறக்கணிப்பு என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது மனதில் ஏதோ மறதி போன்ற ஒன்றுதான் தோன்றுகிறது. லவுண்ட்ஸ் ஆய்வு மறக்கப்படவில்லை, இல்லாமல் ஆக்கப்பட்டது.

ஓர் அறிஞரின் சிந்தனை அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டுமானால் நூல் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. மாணவர்கள் வேண்டும், அந்த மாணவர்களுக்கு வேலை கொடுக்கும் துறைகள் வேண்டும், கட்டுரையை அச்சிடும் இதழ் வேண்டும், நல்கை தரும் நிறுவனம் வேண்டும். இது எல்லாமே சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தது. 1892-ல் துறை, 1895-ல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சோசியாலஜி’, பின்னால் பெரும் செல்வந்தர்களின் பணம். 1910-களில் அங்கே வந்த ராபர்ட் பார்க், இன உறவுகள் பற்றிய அமெரிக்கச் சமூகவியலின் தலைமகனாகப் பல ஆண்டுகள் கருதப்பட்டார். அதற்கு முன் அவர் டஸ்கிகி என்ற கறுப்பர் கல்வி நிறுவனத்தில் புக்கர் டி. வாஷிங்டனிடம் பணியாற்றியவர். வாஷிங்டனோ, வெள்ளையரோடு மோதாமல் கைத்தொழில் கற்று முன்னேறுவோம் என்று சொன்ன தலைவர். கறுப்பர் கல்விக்கு வரும் நன்கொடை பெரும்பாலும் அவருடைய ஒப்புதலோடுதான் போகும். அவரை வெளிப்படையாக எதிர்த்த டு பாய்ஸின் கல்லூரிக்கு அந்தக் கதவு மெல்ல மெல்ல மூடியது.

ராபர்ட் பார்க்கும் எர்னஸ்ட் பர்ஜெஸும் 1921-ல் தொகுத்த பாடநூல் ஒரு தலைமுறையின் வேதமாக இருந்தது. கறுப்பரின் இயல்பு பற்றி அதில் பார்க் எழுதியிருப்பதைப் படித்தால் வருத்தமாக இருக்கும். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பிறவிக் குணம் உண்டு, கறுப்பர் இனங்களுக்குள் ‘பெண்மணி’ என்று சொல்லலாம் என்கிறார். இது வந்தது ‘தி பிலடெல்பியா நீக்ரோ’ வெளிவந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து. பிறவிக் குணம் என்ற பேச்சையே ஆதாரத்தோடு உடைத்த நூல் ஓரமாகக் கிடக்க, பிறவிக் குணம் பேசிய நூல் வகுப்பறைக்குள் போனது. எது அறிவியல் என்று தீர்மானித்ததில் ஆதாரத்துக்கு இருந்த பங்கு எவ்வளவு குறைவு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

1930-களில் டு பாய்ஸ் கறுப்பர்களைப் பற்றி ஒரு பெரிய கலைக்களஞ்சியம் கொண்டுவர முயன்றார். பெரிய அறக்கட்டளைகள் பணம் தர மறுத்தன. அதே ஆண்டுகளில் கார்னகி நிறுவனம் கறுப்பர் பிரச்சினையை ஆராய ஸ்வீடனிலிருந்து பொருளாதார அறிஞர் குன்னர் மிர்டாலை வரவழைத்தது. வெளியிலிருந்து வருபவரின் கண் புதிதாக இருக்கும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். 1944-ல் வந்த அவருடைய பெருநூலின் பின்னிணைப்பு ஒன்றில் ஒரு வாக்கியம் இருக்கிறது: கறுப்பர் சமூகத்தைப் பற்றிய ஆய்வு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மிகச் சிறந்த முன்மாதிரி, இப்போது ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்ட ‘தி பிலடெல்பியா நீக்ரோ’தான். மிர்டாலின் நேர்மையை மதிக்கிறேன். அந்த நூலை எழுதியவர் அப்போது உயிரோடு இருந்தார், எழுபத்தைந்து வயதைத் தாண்டியும் எழுதிக்கொண்டிருந்தார், அதே ஆண்டில் அட்லாண்டா பல்கலைக்கழகம் அவரைக் கட்டாய ஓய்வில் அனுப்பியது.

நாம் மனப்பாடம் செய்த அந்த வரிசை எப்போது உருவானது? 1937-ல் அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் எழுதிய நூலில் மூலவர்கள் நான்கு பேர்: மார்ஷல், பரேட்டோ, டர்க்ஹைம், வெபர். மார்ஷலை இன்று சமூகவியலில் யாரும் படிப்பதில்லை. பரேட்டோ தேர்வுக் கேள்வியாக மட்டும் மிஞ்சியிருக்கிறார். அந்த நால்வரில் மார்க்ஸ் இல்லை. அவர் மூலவர் வரிசைக்கு வந்தது 1960-கள், 70-களின் அரசியல் சூட்டில். மார்க்ஸ், டர்க்ஹைம், வெபர் என்ற மும்மூர்த்தி வரிசைக்கு வயது நம் அப்பாக்களின் வயதுதான். ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ரேவின் கானல் 1997-ல் இதை விரிவாக எழுதினார். ஆரம்பகாலச் சமூகவியல் நூல்கள் பேரரசு பிடித்த உலகத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தன, தொழிற்புரட்சி கண்ட ஐரோப்பாவே அதன் ஒரே பொருள் என்ற கதை பின்னால் கட்டப்பட்டது என்பது அவர் வாதம்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வெபரின் விஷயம். 1930-ல் பார்சன்ஸ் ‘புராட்டஸ்டன்ட் அறம்’ நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். அட்லாண்டிக் தாண்டி வெபர் வந்து சேர்ந்தார். ஆனால் 1905-ல் வெபர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்தில், மனிதர்களை நிறத்தால் பிரிக்கும் நிறக்கோடு பற்றிய பிரச்சினைதான் இங்கும் உலகெங்கும் வரப்போகும் காலத்தின் தலையாய பிரச்சினையாக இருக்கும் என்று எழுதியது வரவில்லை. 1906-ல் தன் இதழில் டு பாய்ஸின் நீண்ட கட்டுரையை வெபர் ஜெர்மன் மொழியில் வெளியிட்டதும், டு பாய்ஸின் ‘கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்’ நூலை ஜெர்மனில் கொண்டுவர ஆசைப்பட்டதும் பாடப்புத்தகத்துக்கு வரவில்லை. கடல் தாண்டி இருந்தவரைத் தேடிப்போய் எடுத்து வந்தவர்கள், அவர் மதித்த மனிதரைத் தங்கள் ஊரிலேயே பார்க்க மறுத்தார்கள்.

டு பாய்ஸ் ஒருவரோடு இந்தக் கதை முடிவதில்லை. பத்திரிகை நடத்திய கறுப்புப் பெண்மணி ஐடா பி. வெல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1892 மார்ச்சில் மெம்பிஸ் நகரில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸும் இன்னும் இரண்டு பேரும் கும்பலால் கொல்லப்பட்டார்கள். மாஸ் செய்த குற்றம், வெள்ளைக்காரர் ஒருவரின் மளிகைக் கடைக்குப் போட்டியாக நன்றாக ஓடும் கடையை நடத்தியது. வெள்ளைப் பெண்களின் மானத்தைக் காக்கத்தான் இப்படிக் கொல்கிறோம் என்று தெற்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. வெல்ஸ் கணக்கை எடுத்தார். வேண்டுமென்றே கறுப்பர்களின் பத்திரிகைகளை விட்டுவிட்டு, வெள்ளையர் நடத்திய ‘சிகாகோ டிரிப்யூன்’ தொகுத்த எண்களையே பயன்படுத்தினார், மிகைப்படுத்துகிறாய் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காக. கொல்லப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் பாலியல் குற்றச்சாட்டே இருந்தது என்று காட்டினார். குற்றச்சாட்டு, அவ்வளவுதான், விசாரணை கிடையாது. எதிராளியின் தரவை வைத்தே எதிராளியின் வாதத்தை உடைப்பது ஆய்வு முறையியலில் அருமையான பாடம். அவருடைய பத்திரிகை அலுவலகத்தை ஒரு கும்பல் நொறுக்கிய பிறகு அவர் சிகாகோவில் குடியேறினார். புகழ்பெற்ற சமூகவியல் துறை இருந்த அதே நகரில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். அந்தத் துறையின் வரலாற்றை எழுதியவர்கள் அவரைப் ‘பத்திரிகையாளர், போராளி’ என்று வகைப்படுத்தி வெளியே நிறுத்திவிட்டார்கள்.

ஆலிவர் காக்ஸ் பற்றித் தமிழ் வாசகர்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அவர் நம் சாதியைப் பற்றி எழுதியவர். டிரினிடாடில் பிறந்து சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்றார். போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்டவர், வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறிய கறுப்பர் கல்லூரிகளில் பாடம் நடத்தியே கழித்தார். 1948-ல் வந்த ‘சாதி, வர்க்கம், இனம்’ நூலில் அவர் சொன்னது: அமெரிக்க இனப் பாகுபாட்டைச் ‘சாதி’ என்று அழைப்பது தவறு. இனவெறி மனித மனதில் என்றைக்கும் இருந்த வெறுப்பு அல்ல. ஐரோப்பா உலகத்தைப் பங்கு போட்டுக்கொள்ளத் தொடங்கிய 1493-94 வாக்கில், மலிவான உழைப்பு தேவைப்பட்ட முதலாளியத்தோடு சேர்ந்து பிறந்தது. உலக முதலாளியத்தை ஒரே அமைப்பாகப் பார்க்கும் சிந்தனை பின்னாளில் இம்மானுவேல் வாலர்ஸ்டைன் பெயரில் புகழ்பெற்றது. காக்ஸ் அதைப் பல ஆண்டுகள் முன்பே யோசித்துவிட்டார்.

ஆனால் சாதி பற்றி காக்ஸ் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்துச் சாதி அமைப்பு எல்லோரும் மனமொப்பி வாழ்ந்த, மோதல் இல்லாத ஒழுங்கு என்பது போல எழுதிவிட்டார். அவர் அதை எழுதுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1936-ல், அம்பேத்கரின் ‘சாதியை அழித்தொழித்தல்’ வெளிவந்துவிட்டது. கீழே நிறுத்தப்பட்டவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்ற கதையை மேலே இருந்தவர்களின் நூல்களை வைத்து எழுதினால் இப்படித்தான் முடியும். இந்தக் குறையையும் சேர்த்துத்தான் காக்ஸைப் படிக்க வேண்டும் என்கிறேன். வெபர் இந்தியாவைப் பற்றி எழுதியதில் இல்லாத தவறா? அதற்காக யாரும் வெபரைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்ததில்லை. தப்பு செய்யும் உரிமையும் மூலவர்களுக்கு மட்டும் கிடைக்கிறது.

அம்பேத்கர் 1946-ல் டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவின் தீண்டத்தகாதோர் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பர்களின் நிலைக்கும் அவ்வளவு ஒற்றுமை இருப்பதால் பின்னதைப் படிப்பது இயல்பானது மட்டுமல்ல, அவசியமும்கூட என்று சொல்லி, கறுப்பர்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் பிரதிகள் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். டு பாய்ஸ் அந்த ஜூலையில் பதில் எழுதினார்: உங்கள் பெயரை நன்கு அறிவேன், இந்தியத் தீண்டத்தகாதோர்மீது எனக்கு முழு அனுதாபம் உண்டு. அம்பேத்கர் 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சாதியின் தோற்றம் பற்றிப் படித்த கட்டுரையும் சமூகவியல் கட்டுரைதான். சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமணம்தான் சாதியின் அச்சாணி என்று இருபத்தைந்து வயது மாணவர் அதில் நிறுவுகிறார். அதுவும் எங்கள் சிந்தனையாளர் தாளில் இல்லை. ‘அவர் சட்ட மேதை, அரசியல் தலைவர்’ என்று அவருக்கும் வேறொரு அலமாரி ஒதுக்கியிருந்தார்கள்.

நிலைமை மாறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கச் சமூகவியல் சங்கம் 2006-ல் தன் உயரிய வாழ்நாள் விருதுக்கு டு பாய்ஸ் பெயரை வைத்தது. 2012-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம், முன்பு பெயரைக்கூட அச்சிடாத அதே பல்கலைக்கழகம், மறைந்து ஐம்பது ஆண்டுகள் ஆகப்போகிற நிலையில் அவருக்குக் கௌரவ ஓய்வுநிலைப் பேராசிரியர் பட்டம் அளித்தது. 2015-ல் ஆல்டன் மாரிஸ் எழுதிய ஆய்வு நூல், அமெரிக்காவில் அறிவியல்பூர்வமான சமூகவியலின் முதல் சிந்தனைப் பள்ளி அட்லாண்டாதான், சிகாகோ அல்ல என்று வாதிட்டுப் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. மாரிஸ் பிறகு அந்தச் சங்கத்தின் தலைவராகவும் ஆனார்.

இருந்தாலும் டு பாய்ஸ் எந்த வாரத்தில் வருகிறார் என்று பாடத்திட்டங்களைப் பாருங்கள். ‘இனம்’ என்று ஒரு வாரம் இருக்கும், அங்கே வருவார். கோட்பாடு, முறையியல் வாரங்களில் வரமாட்டார். வெள்ளை ஐரோப்பியர் தன் ஊரைப் பற்றி எழுதினால் அது ‘நவீன சமூகம்’ பற்றிய பொதுக் கோட்பாடு. கறுப்பர் தன் ஊரைப் பற்றி எழுதினால் அது கறுப்பர்களைப் பற்றிய தகவல். இந்தப் பிரிவினை கலையாதவரை பெயரைச் சேர்ப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் நல்ல கள ஆய்வாளர், ஆனால் கோட்பாட்டாளர் இல்லையே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1897-ல் எழுதிய கட்டுரையில் ‘இரட்டை உணர்வு’ பற்றிச் சொன்னார்: தன்னை எப்போதும் தன்னை இழிவாகப் பார்ப்பவனின் கண் வழியாகவே பார்க்க வேண்டிய நிலை, ஓர் உடலுக்குள் சமாதானமாகாத இரண்டு தன்னிலைகள். 1935-ல் ‘கறுப்பு மறுகட்டமைப்பு’ நூலில், தெற்கின் ஏழை வெள்ளைத் தொழிலாளிகள் கறுப்பர்களோடு ஏன் சேரவில்லை என்ற கேள்விக்குப் பதில் தேடினார். கூலி குறைவாக இருந்தாலும் அவர்களுக்கு இன்னொரு கூலி கிடைத்தது என்றார். பொது இடத்தில் மரியாதை, பூங்காவில் நுழைவு, நல்ல பள்ளி, தன் ஆட்களே காவலர்களாக இருப்பது, நீதிமன்றத்தில் இளக்கம். வயிற்றை நிரப்பாத இந்த மனக்கூலிக்காகத் தன் வர்க்க நலனையே ஒருவன் விட்டுக்கொடுப்பான் என்ற விளக்கம் வெறும் தகவல் அல்ல. அதிகாரம் எப்படி நிலைக்கிறது என்பதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் எனக்குத் தெரிந்து மிகக் கூர்மையான கோட்பாடுகளில் ஒன்று. மார்க்ஸிடம் இல்லாத விடையை மார்க்ஸைப் படித்தே கண்டடைந்திருக்கிறார்.

பாடத்திட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது, எதை எடுப்பது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஸ்பென்சருக்கும் பரேட்டோவுக்கும் ஒதுக்கும் நேரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். முறையியல் தாளில் ‘தற்கொலை’ நூலோடு சேர்த்து ‘தி பிலடெல்பியா நீக்ரோ’வின் ஆறு படிவங்களையும் வரைபடத்தையும் மாணவர் கையில் கொடுக்கலாம். நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வெபர் வாரத்தில் அவர் 1905-ல் எழுதிய கடிதத்தை வாசிக்கலாம். சாதி வாரத்தில் காக்ஸையும் அம்பேத்கரின் 1916 கட்டுரையையும் எதிரெதிரே வைத்து மாணவர்களை வாதாட விடலாம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் பதினாறாம் அத்தியாயத்தைத் தமிழாக்கத் தொடங்கியிருக்கிறோம். முடிந்ததும் இங்கேயே பகுதி பகுதியாக வெளியிடுகிறேன், வகுப்பில் பயன்படுத்த நினைப்பவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.